நாயகியின் பிறப்பு கதையின் மர்ம முடிச்சு ஆகலாமா?

கேள்வி: நான் சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். வயது 29, வங்கி வேலை. ஏற்காட்டில் நடக்கும் ஒரு காதல் மர்ம நாவல் எழுதுகிறேன். நாயகி தேன்மொழிக்கு வயது 26. அவள் அம்மா மலையில் சின்னக் காபித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். அப்பா 90களில் சேலத்துக்குப் படிக்க வந்த கென்யா நாட்டுக்காரர், பிறகு ஊர் திரும்பிவிட்டார். அம்மாவும் பாட்டியும் இறந்தபின் தேன்மொழி தன் பங்கைக் கேட்டு மலைக்கு வருகிறாள். மே மாதம், கோடை விழா சமயம். மொட்டைக் கடுதாசிகள் வருகின்றன, நாடு கடத்திவிடுவோம் என்று மிரட்டல், ஒரு ராத்திரி களத்தில் காயும் காபிக்குத் தீ வைக்கிறார்கள். விசாரிக்க வரும் எஸ்.ஐ. கதிரவனுக்கும் அவளுக்கும் காதல். அப்பா ஆப்பிரிக்கர் என்பதைக் கடைசி அத்தியாயத்தில்தான் சொல்கிறேன். வில்லன் ஒரு ரகசிய இனவெறிக் கும்பலின் ஆள். என் தோழிகள், "நம்ம ஊரில் சாதி உண்டு, இனவெறி ஏது, நாமே கறுப்புதானே, யாரும் நம்பமாட்டார்கள், பேசாமல் அவளை ஆங்கிலோ இந்தியன் ஆக்கிவிடு" என்கிறார்கள். எனக்கு இந்தக் கலப்புப் பிறப்பு அனுபவம் கிடையாது. நான் எழுதலாமா? நாவலின் சுருக்கமும் முதல் வரைவும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

தாராளமாக எழுதலாம். ஆனால் முதலில் அந்தக் கடைசி அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள்.

காரணம் சொல்கிறேன். தேன்மொழி பஸ்ஸை விட்டு இறங்கிய நிமிடத்தில் ஏற்காடு முழுக்க அவளைப் பார்த்துவிட்டது. டீக்கடைக்காரர் பார்த்தார், பலாச்சுளை விற்கிற அம்மா பார்த்தார், கதிரவன் பார்த்தான். எல்லோருக்கும் அவள் முடியும் நிறமும் முகமும் தெரிகிறது. தெரியாமல் இருப்பது வாசகர் ஒருவருக்கு மட்டும்தான், அதுவும் நீங்கள் வேண்டுமென்றே வர்ணனையை மழுப்பியதால். இது மர்மம் ஆகாது, வாசகர் கண்ணைக் கட்டிவிடும் வேலை. முடிவில் கட்டை அவிழ்க்கும்போது அவருக்கு ஏமாற்றப்பட்ட கோபம்தான் வரும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மர்மக் கதையில் கடைசியாக வெளிவருவது வழக்கமாக ஒரு குற்றம், ஒரு அசிங்கம், யாரோ மறைத்த பாவம். அந்த இடத்தில் கொண்டுபோய் ஒரு பெண்ணின் பிறப்பை வைத்தால், நீங்கள் நினைக்காவிட்டாலும் கதை அவள் பிறப்பைத்தான் குற்றம் என்று சொல்லும். மொட்டைக் கடுதாசி எழுதுகிறவன் சொல்வதும் அதுதானே?

அதனால் முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இன்னார் மகள், அப்பா கென்யா, அம்மா ஏற்காடு, பாட்டி வளர்த்த பிள்ளை, பேசுவது சேலத்துப் பேச்சு. அதில் ஒளிக்க எதுவும் இல்லை. ஒளிய வேண்டியவன் வெறுக்கிறவன். அவன் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறான், தினமும் அவளிடம் சிரித்துப் பேசுகிற முகங்களில் எது அவன் முகம் என்பதுதான் உங்கள் மர்மம்.

தோழிகள் சொன்னதற்கு வருகிறேன். நாமே கறுப்பு, நமக்கு இனவெறி எங்கிருந்து வரும் என்ற வாதத்தை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்கிற ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது. பெண் பார்க்கப் போகிற இடத்தில் "பொண்ணு கொஞ்சம் நெறம் கம்மிதானுங்க" என்று இழுக்கிற ஊர்தான் நம்முடையது. 2016 ஜனவரி கடைசியில் பெங்களூரில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். சூடான் நாட்டு மாணவர் ஒருவர் ஓட்டிய கார் மோதி ஒரு பெண் இறந்துபோனார். கொஞ்ச நேரம் கழித்து வேறொரு காரில், நடந்தது எதுவும் தெரியாமல், அந்த வழியாக வந்த தான்சானியா மாணவியைக் கும்பல் பிடித்து இழுத்து அடித்தது, ஆடையைக் கிழித்தது, அவர் வந்த காரை எரித்தது. சூடான் வேறு நாடு, தான்சானியா வேறு நாடு, அந்தப் பெண்ணுக்கும் விபத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அடித்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை, தோல் போதுமாக இருந்தது. சேலத்திலிருந்து சாலை வழியே சில மணி நேரத் தூரத்தில் நடந்தது இது. இதற்குப் பிறகும் யாரும் நம்பமாட்டார்கள் என்று தோழிகள் சொன்னால், நம்ப வைக்கிற பொறுப்பு உங்கள் எழுத்துக்கு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த ரகசியக் கும்பல் வேண்டாம். அமெரிக்க நாவல்களை நிறையப் படித்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது, முகமூடி, எரியும் சின்னம், ரத்தத் தூய்மை உறுதிமொழி எல்லாம் அங்கிருந்து வந்திருக்கின்றன. அங்கே அவற்றுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. விர்ஜீனியா மாநிலம் 1924இல் சட்டம் போட்டே வெள்ளையர் மற்றவரை மணப்பதைத் தடுத்தது, ஒரு துளி கறுப்பு ரத்தம் இருந்தாலும் கறுப்பர்தான் என்று பதிவேட்டில் எழுதியது. 1967 ஜூன் 12 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த மாதிரிச் சட்டங்களைச் செல்லாது என்று தள்ளும்வரை கலப்புத் திருமணம் பல மாநிலங்களில் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. அந்த மண்ணில் கும்பலுக்கு வேர் உண்டு. ஏற்காட்டில் அதை அப்படியே நட்டால் பிடிக்காது. இங்கே வெறுப்புக்குக் கொடியும் இல்லை, சங்கமும் இல்லை. வீடு வாடகைக்குக் கேட்டால் "நேத்துதானுங்க ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டாங்க" என்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு பட்டப்பெயராக ஒட்டிக்கொள்கிறது. கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கும்போது "நீ கொஞ்சம் தள்ளி நில்லு கண்ணு" என்கிறது. அப்படியானவற்றை எழுதுங்கள், முகமூடியைவிட அதிகம் பயமுறுத்தும்.

சரி, அப்படியென்றால் வில்லன் யார்? உங்கள் வரைவிலேயே இருக்கிறார், நீங்கள்தான் கவனிக்கவில்லை. தாய்மாமன் வேலுச்சாமி. இப்போது அவர் பங்கு தரமாட்டேன் என்று இரண்டு காட்சியில் முறுக்கிக்கொண்டு, கடைசியில் மனம் மாறிப்போகிறார். நம் குடும்பங்களில் தாய்மாமனுக்கு என்ன இடம் என்று யோசியுங்கள். மடியில் உட்கார வைத்துக் காது குத்துவது அவர், வயதுக்கு வந்தால் சீர் கொண்டுவருவது அவர், கல்யாணத்தில் மாலை எடுத்துத் தருவது அவர். தேன்மொழிக்குக் காது குத்தியபோது மாமன் மடி கிடைத்ததா, பாட்டி மடியா? இந்த ஒரு கேள்விக்கு ஒரு அத்தியாயம் எழுதலாம். உரிமையோடு நிற்க வேண்டிய ஆள் வெறுப்போடு நிற்பதைப்போல வலிக்கிற வில்லன் உங்களுக்கு வெளியே எங்கேயும் கிடைக்கமாட்டான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சொத்துக்காகத்தான் செய்தார் என்று முடித்துவிடாதீர்கள். அப்படி முடித்தால் வாசகர் நிம்மதியாகப் புத்தகத்தை மூடுவார், ஓ பணத்தாசையா, அது எங்கும் உள்ளதுதானே என்று. தோட்டத்தில் பாதியைத் தருகிறேன் என்று தேன்மொழியே சொல்லும் ஒரு காட்சி வையுங்கள். அவர் மறுக்க வேண்டும். தங்கை உள்ளூரில் வேறு சாதிப் பையனோடு போயிருந்தால்கூட நாலு வருடத்தில் சமாதானம் ஆகியிருப்பேன், இதை மட்டும் மன்னிக்க முடியாது என்று அவர் வாயிலிருந்து வரவேண்டும். அந்த வசனத்தில் சாதியும் இனமும் சேர்ந்தே நிற்கும், தோழிகளுக்கான பதிலும் அதில் இருக்கும்.

அதேபோல மனநோயாளி என்றும் ஆக்கிவிடாதீர்கள். அவர் நல்ல மனிதராக இருக்கட்டும், ஊரில் நாலு பேருக்கு உதவுகிறவராக, கூலி பாக்கி வைக்காதவராக.

இப்போது சட்டம். இதில் உங்கள் நாவலுக்கு ஒரு புதையல் இருக்கிறது. பாட்டி உயில் எழுதாமல் இறந்திருக்கிறார், தோட்டம் அவர் பெயரில். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956, 15ஆம் பிரிவுப்படி மகன், மகளோடு, முன்பே இறந்துபோன மகளின் பிள்ளைக்கும் பங்கு உண்டு. மாமன் வக்கீல் வைத்து, இவள் இந்துவே இல்லை, அந்நிய நாட்டுக்காரன் பிள்ளை என்று வாதாடலாம். அதற்கு அதே சட்டத்தின் 2ஆம் பிரிவு விளக்கம் தருகிறது. பெற்றோரில் ஒருவர் இந்துவாக இருந்து, அவருடைய சமூகத்திலோ குடும்பத்திலோ ஒருவராக வளர்க்கப்பட்ட பிள்ளை இந்துதான். கவனியுங்கள், வளர்க்கப்பட்ட பிள்ளை. ஆக வழக்கில் தேன்மொழி நிரூபிக்க வேண்டியது தன் ரத்தத்தை அல்ல, இந்த வீட்டில் இந்த வீட்டுப் பிள்ளையாக வளர்ந்ததை. காது குத்துப் படம், பள்ளி டி.சி., பாட்டியின் குடும்ப அட்டையில் அவள் பெயர், இவையெல்லாம் இருக்கும் தகரப் பெட்டியைத்தான் மாமன் தேடுகிறார். அழிக்கவேண்டியது அவளுடைய உயிரை அல்ல, அவள் இங்கே வளர்ந்தாள் என்பதற்கான தடயத்தை. நீ யார் என்ற கேள்வியும் பெட்டி எங்கே என்ற பரபரப்பும் ஒன்றாகிவிடுகிறதா? அடையாளத்தைப் பற்றி யாரும் உட்கார்ந்து பேசவேண்டிய அவசியமே இல்லாமல் கதை அதை ஓடிக்கொண்டே பேசும். எழுதி முடித்ததும் வாரிசுரிமை வழக்கு நடத்துகிற ஒரு வக்கீலிடம் அந்தப் பகுதிகளைப் படிக்கக் கொடுங்கள்.

நாடு கடத்தும் மிரட்டலும் இப்போது இருக்கிறபடி நிற்காது. இந்தியாவில் 1987 ஜூலை 1க்குப் பிறகு, 2004 டிசம்பர் 3க்கு முன் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும், பிறப்பிலேயே குடியுரிமை உண்டு. தேன்மொழி 90களின் கடைசியில் பிறந்தவள், அம்மா இந்தியர். அவளை எங்கேயும் அனுப்ப முடியாது, போலீஸ்காரனான கதிரவனுக்கு இது தெரியாமல் இருக்கவும் கூடாது. மிரட்டலை வைத்துக்கொள்ளுங்கள், வெற்று மிரட்டலாகவே. சட்டம் தன் பக்கம் என்று தெரிந்தும் ராத்திரி தூக்கம் வராமல் இருப்பதை எழுதினால் அது உண்மையாக இருக்கும். இன்னொன்று, மொட்டைக் கடுதாசி மிரட்டலுக்கு இ.பி.கோ. 507 என்று எழுதியிருக்கிறீர்கள். 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுச் சட்டம் வந்துவிட்டது, அதில் 351(4).

ஆங்கிலோ இந்தியன் யோசனையை விட்டுவிடுங்கள். அரசியல் சட்டம் 366ஆம் பிரிவில் அவர்களுக்குத் தனி வரையறையே இருக்கிறது, தந்தை வழியில் ஐரோப்பிய வம்சம் என்று. தேன்மொழி அதில் வரவே மாட்டாள். அது தலைமுறைகளாகத் தனக்கென்று சமையலும் தேவாலயமும் ரயில்வே காலனி நினைவுகளும் கொண்ட ஒரு சமூகம். மலையும் பழைய பங்களாவும் பொருந்துகிறது என்பதற்காக அவர்களை இழுத்து வந்து மாட்டினால் இரண்டு பேருக்கும் அநியாயம்.

காபிக்கு வருவோம். மே மாதம் களத்தில் காபி காயாது. பிப்ரவரி, மார்ச் வாக்கில் மழை விழுந்து பூ பூத்து, மே மாதம் செடியில் இருப்பது பச்சைப் பிஞ்சு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பழம் எடுப்பது நவம்பரிலிருந்து ஜனவரி, பிப்ரவரி வரை. கதையை டிசம்பருக்கு மாற்றுங்கள், கோடை விழாக் கூட்டம் இல்லாத மலை, சாயங்காலம் நாலு மணிக்கே இறங்குகிற பனி, மர்மக் கதைக்கு அதுதான் காலம். அப்புறம் தீயும் வேண்டாம். தீ யாரும் வைக்கலாம். காயப்போட்ட காபியைச் சாயங்காலம் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள் இல்லையா, நடுராத்திரியில் யாரோ வந்து அந்தத் தார்ப்பாயை மட்டும் விலக்கிவிட்டுப் போகட்டும். பனியும் தூறலும் இறங்கிக் காபி நனைந்து பூசணம் பிடிக்கும், அந்த வருட வருமானம் போச்சு. காலையில் பார்த்தால் காற்று அடித்ததோ என்றுதான் தோன்றும். காபி தெரிந்த ஒருவரால்தான் இதைச் செய்ய முடியும், அதிலும் எந்தக் குவியல் முக்கால்வாசி காய்ந்தது என்று தெரிந்தவரால். வாசகருக்கு முதல் துப்பு அதுவாக இருக்கட்டும்.

துப்பு என்றதும் ஞாபகம் வருகிறது, சந்தேகத்தைத் திசை திருப்ப அந்த மலையில் வாழும் மலையாளி (கேரளத்தவர் அல்ல) என்ற பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெரியவரைக் கம்பளியும் அரிவாளுமாகப் புதருக்குள் நிற்க வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து அவரை அப்படி நிற்க வைக்காதீர்கள். தோற்றத்தை வைத்து ஒருத்தியை வெறுப்பது தவறு என்று சொல்லும் நாவலில், தோற்றத்தை வைத்தே இன்னொருவரைக் காட்டிப் பயமுறுத்துகிறீர்கள். அது அவர்களுடைய மலை. அவரை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் பெயர், குடும்பம், வேலை, கருத்து எல்லாவற்றோடும் வைத்துக்கொள்ளுங்கள்.

மண் சரிவு பற்றி ஒரு வார்த்தை. 20 கொண்டை ஊசி வளைவுப் பாதை மூடிவிட்டால் யாரும் கீழே போக முடியாது என்கிறீர்கள். குப்பனூர் வழி ஒன்று இருக்கிறதே, சேலத்து வாசகர்கள் அடுத்த பக்கம் போகமாட்டார்கள். அவர்களை அந்த வழியில் இறங்க விடுங்கள், ஆபத்தை அங்கே வையுங்கள்.

கதிரவனைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. இப்போதைக்கு அவனிடம் ஒரு குறையும் இல்லை, அதனாலேயே காதலில் பதற்றம் இல்லை. இந்த வகை நாவலில் வாசகி இரண்டு பயத்தோடு பக்கம் புரட்டவேண்டும், யார் அவளைத் துரத்துகிறார்கள் என்பது ஒன்று, இவனை நம்பலாமா என்பது இன்னொன்று. முதல் சந்திப்பிலேயே தொடங்குங்கள். அவளைப் பார்த்ததும் அவன் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் பாஸ்போர்ட் கேட்கட்டும். அவள், "பாஸ்போர்ட் இல்லீங்க சார், ரேஷன் கார்டு இருக்குது, ஆகுங்களா?" என்று கேட்கட்டும். அங்கே வாசகர் சிரிப்பார். பின்னால் வழக்கே அந்தக் கார்டை நம்பி நிற்கும்போது அந்த வரி திரும்ப வந்து உறைக்கும்.

அப்புறம், குற்றவாளி வேலுச்சாமி என்பதை அவன் அவளுக்கு முன்பே கண்டுபிடிக்கட்டும். அவன் அப்பாவும் வேலுச்சாமியும் பழைய கூட்டாளிகள், அவனைப் படிக்க வைத்ததில் அவர் பணமும் இருக்கிறது. சில நாட்கள் வாயைத் திறக்காமல் இருக்கிறான். நல்லவன்தான், அவளை நேசிக்கிறான்தான், ஆனாலும் பேசவில்லை. அந்த நாட்களில்தான் தார்ப்பாய் விலக்கப்படுகிறது. இவ்வளவுக்குப் பிறகு அவள் அவனை ஏற்றுக்கொள்வாளா என்பதுதான் காதல் கதை. இன்னொரு விஷயம், புகார் கொடுத்தவளைக் காதலிக்கிற எஸ்.ஐ. அந்த வழக்கைத் தொடர்ந்து விசாரிப்பது சரியல்ல. மேலதிகாரியிடம் போய்ச் சொல்லி வழக்கைக் கைமாற்றிவிட்டு, சாட்சியாகக் கூண்டேறி, தன் அப்பா முன்னிலையில் பேசட்டும்.

"உன் நிறம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை" என்று 31ஆம் அத்தியாயத்தில் அவன் சொல்கிற வசனத்தை அடித்துவிட்டேன். உங்களுக்கு அது பிடித்த வரி என்று தெரியும். ஆனால் அவளுக்கு அது பொருட்டுதான், அதோடுதான் அவள் இத்தனை வருடம் இந்த ஊரில் நடந்திருக்கிறாள். அதைப் பார்க்கவில்லை என்று சொல்கிறவன் அவளைப் பாதிதான் பார்த்திருக்கிறான். மன்னித்து ஏற்றுக்கொள்ளவேண்டிய குறை எதுவும் அவளிடம் இல்லை.

கடைசியாக, எனக்கு அனுபவம் இல்லையே என்ற தயக்கம். கலப்புப் பெற்றோருக்குப் பிறந்த பெண்கள் இரண்டு மூன்று பேரிடமாவது பேசுங்கள், அவர்கள் நேரத்துக்கு உரிய பணம் கொடுங்கள், என்ன எழுதப்போகிறீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். என்ன கஷ்டப்பட்டீர்கள் என்று ஆரம்பிக்காதீர்கள், எல்லோரும் அவர்களிடம் அதையே கேட்டிருப்பார்கள். சின்ன வயதில் தலை வாரிவிட்டது யார், அந்த முடிக்கு என்ன எண்ணெய், அப்பா பக்கத்துப் பாட்டியோடு போனில் எந்த மொழியில் பேசினீர்கள், எந்தச் சாப்பாடு வீட்டுச் சாப்பாடு என்று கேளுங்கள். உங்கள் வரைவில் அப்பா ஒரு நிழல்போல் இருக்கிறார், விட்டுவிட்டுப் போனவர் என்ற ஒரு வரியோடு சரி. ஏன் போனார், கடிதம் எழுதினாரா, அந்தக் கடிதங்களும் தகரப் பெட்டியில்தான் இருக்கின்றனவா? அவள் தேடிக்கொள்ள வேண்டிய இன்னொரு பாதி நைரோபியிலோ கிசுமுவிலோ இருக்கிறது, அங்கேயும் ஒரு அத்தை இருக்கலாம்.

13ஆம் அத்தியாயத்தில் பாட்டி திட்டிக்கொண்டே அவளுக்குச் சடை பின்னும் காட்சி மிக நன்றாக வந்திருக்கிறது, அதில் கை வைக்க வேண்டாம். மற்றதை டிசம்பர் கதையாகத் திருப்பி எழுதுங்கள், முதலில் மாமன் பெட்டியைத் தேடும் ராத்திரியை அவர் பார்வையிலேயே ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டு. அது நாவலில் இடம்பெற வேண்டும் என்றில்லை, ஆனால் அவர் அந்த வீட்டில் எந்த அறைக்குள் போகத் தயங்குவார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது முடிந்ததும் முதல் மூன்று அத்தியாயங்களை அனுப்புங்கள், படிக்கிறேன்.